சொல் இடம் மாறிய தலைப்பைத் தவறு என்று தள்ளியது சரிதானா?

குடியாத்தம் வாசகி

வணக்கம். அஞ்சலகத்தில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் வாசகர் வட்டம் பள்ளி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் இலக்கிய வினாடி வினா நடத்துகிறது. நான்கு ஆண்டுகளாகக் கேள்விகளைத் தயாரிப்பதும் மேடையில் தீர்ப்புச் சொல்வதும் நான்தான். போன ஞாயிற்றுக்கிழமை இறுதிச் சுற்றில் ஒரு தீர்ப்புச் சொன்னேன். அது சரியா தவறா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. போட்டி நடத்திப் பழகியவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

கடைசிக்கு முந்தைய கேள்வி. இரண்டு அணிகள் 85 புள்ளிகளில் சமமாக நின்றன. "1972ஆம் ஆண்டு ஜெயகாந்தனுக்குச் சாகித்திய அகாதெமி விருது பெற்றுத் தந்த நாவல் எது?" என்று கேட்டேன். (அஞ்சல் குறியீட்டு எண் வந்ததும் அதே 1972தான். அதனால் அந்த ஆண்டு எனக்கு மறக்காது.) முறை பேர்ணாம்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அரசுப் பள்ளி அணிக்கு. மூன்று பெண் பிள்ளைகள். நடுவில் இருந்தவள் நான் கேள்வியை முடிக்கும் முன்பே எழுந்து, "சில மனிதர்கள் சில நேரங்களில்" என்றாள்.

கையிலிருந்த தாளைப் பார்த்தேன். என் கையெழுத்தில் "சில நேரங்களில் சில மனிதர்கள்" என்று இருந்தது. "தவறு. அடுத்த அணி" என்று சொல்லிவிட்டேன். அடுத்த அணிப் பையன் அவளை ஒரு முறை பார்த்தான். உதட்டுக்குள் ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டான். பிறகு சொற்களை இடம் மாற்றிச் சொன்னான். 10 புள்ளி. கோப்பையும் அவர்களுக்கே போயிற்று.

ஒலிபெருக்கி வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் என்னிடம் வந்தாள். சண்டைக்கு வரவில்லை. "அம்மா, நான் அந்தக் கதையைப் படித்திருக்கிறேன்" என்றாள். அவள் ஊர் நூலகத்துப் பிரதிக்கு அட்டை இல்லை. காலிகோ துணி போட்டுக் கட்டிய பழைய பைண்டு. முன்பக்கங்கள் நான்கைந்து போய்விட்டன. முதுகில் மையால் எழுதிய பெயரில் "சில" என்பதும் "மனி" என்பதும்தான் மிச்சம். பெயரை ஆசிரியை வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டாளாம். சொல்லிவிட்டு நாவலின் நாயகி கங்காவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். வெங்கு மாமாவை மன்னிக்கவே முடியாது என்றாள். அதைச் சொல்லும்போது தன் பையின் வாரை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தாள். அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஆசிரியை அழைத்துப் போய்விட்டார்.

வென்ற பையனிடமும் கேட்டேன். விருதுப் பட்டியலை மனப்பாடம் செய்து வந்ததாகச் சொன்னான், நாவலைப் படித்ததில்லை. அவன்மீது குறை இல்லை, போட்டிக்கு அப்படித்தான் தயாராவார்கள்.

இதோடு நின்றிருந்தால் "விதி விதிதான்" என்று இருந்திருப்பேன். வீட்டுக்கு வந்து, தம்பி மகன் கைப்பேசியில் எடுத்திருந்த பதிவைப் பார்த்தேன். இரண்டாம் சுற்றில், மு.வ.வுக்கு 1961இல் அகாதெமி விருது பெற்றுத் தந்த நாவலைக் கேட்டபோது இதே வென்ற அணி "அகல் விளக்குகள்" என்று சொல்லியிருக்கிறது. நான் "ஆம், அகல் விளக்கு" என்று நானே திருத்திச் சொல்லி 10 புள்ளி கொடுத்திருக்கிறேன். அந்த நேரத்தில் அது என் காதில் விழவே இல்லை. மு.வ. வட ஆர்க்காட்டுக்காரர், அந்தக் கதையில் வாலாஜாவும் பாலாறும் வரும், பிள்ளைகள் வாயில் அந்தப் பெயரைக் கேட்ட மகிழ்ச்சியில் இருந்தேன். ஓர் அணிக்கு ஒருமை பன்மையை விட்டுக்கொடுத்த அதே வாயால் இன்னோர் அணிக்குச் சொல் வரிசையை விட்டுக்கொடுக்க மறுத்திருக்கிறேன்.

அந்தப் பெண்ணின் விடையை ஏற்றிருக்க வேண்டுமா? முடிவை இப்போது மாற்றலாமா? அடுத்த ஆண்டுக்கு என்ன விதி வைப்பது? பாதி முகவரி எழுதிய கடிதத்தைக்கூட ஆளைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் நான். இரண்டு சொல் இடம் மாறியதற்காக ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

சத்துவாச்சாரி வினாத்தாள்

அம்மா, உங்கள் தீர்ப்பு சரி. தீர்ப்புக்குப் பிறகு நீங்கள் செய்ததுதான் தவறு.

வேலூர், காட்பாடி வட்டாரத்தில் கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் 20 ஆண்டுகளாக வினாடி வினா நடத்துகிறேன். தலைப்பு என்பது பெயர்ச்சொல். "நாவல் எதைப் பற்றியது" என்று நீங்கள் கேட்கவில்லை, பெயரைக் கேட்டீர்கள். ஆசிரியர் நேரத்தை முன்னால் வைத்தார், மனிதர்களைப் பின்னால் வைத்தார். வரிசையை மாற்றினால் ஓசையும் மாறுகிறது, அழுத்தமும் மாறுகிறது. அவருடைய இன்னொரு நாவல் "ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்". அதை மேடையில் கேட்டால் வீடு முன்னால் வரும், உலகம் நடுவில் வரும், எல்லா வகையிலும் மாற்றிச் சொல்வார்கள். ஒன்றை ஏற்றால் எல்லாவற்றையும் ஏற்க வேண்டும்.

ஆனால் அந்தப் பெண் விடையில் இருக்கும் நான்கு சொற்களையும் சபையில் வைத்துவிட்டாள். அதை மறுத்த நொடியில், வரிசைதான் தவறு என்பது அடுத்த அணிக்குத் தெரிந்துவிடும். அவர்கள் நாவலை அறிந்திருக்க வேண்டியதே இல்லை, திருப்பிப் போட்டால் போதும். ஒருத்தி உழைத்து எடுத்ததை இன்னொருவருக்கு 10 புள்ளியாகக் கொடுத்திருக்கிறீர்கள். நெருங்கி வந்த விடையை மறுத்தால் அந்தக் கேள்வி அங்கேயே சாக வேண்டும், அடுத்த அணிக்குப் போகக் கூடாது. நடுவர் சரியான விடையைச் சொல்லிவிட்டு, அடுத்த அணிக்கு மாற்றுக் கேள்வி கேட்க வேண்டும். என் பையில் எப்போதும் 10 மாற்றுக் கேள்விகள் தனி உறையில் இருக்கும்.

குறைபட்ட விடைக்கும் பிழைபட்ட விடைக்கும் வேறுபாடு உண்டு. "சேக்கிழார் எழுதியது?" என்றதற்கு "புராணம்" என்று மட்டும் சொன்னால் அது குறை. "முழுமையாகச் சொல்லுங்கள்" என்று ஒரு முறை கேட்கலாம். பிழையான விடைக்கு அப்படிக் கேட்டால் அது துப்புக் கொடுப்பதாகிவிடும். அந்த வேளையில் நடுவர் முகத்திலும் எதுவும் தெரியக் கூடாது. நான் தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வேன்.

நானும் ஒரு முறை தவறியிருக்கிறேன். தென்னிந்தியாவின் முதல் ஊமைப்படம் எது என்று கேட்டேன். எடுத்தவர் நம் வேலூரில் பிறந்த ஆர். நடராஜ முதலியார், படம் "கீசக வதம்". ஓர் அணி "கீசகன் வதம்" என்றது. மறுத்தேன். அரங்கம் கால் மணி நேரம் கொந்தளித்தது. அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று வீட்டுக்குப் போன பிறகு புரிந்தது. பெயரின் ஈற்றில் ஒரு "ன்" கூடியதற்கு மேல் அதில் எந்தப் பிழையும் இல்லை. அதிலிருந்து உருபு, சந்தி, ஒருமை பன்மை ஆகியவற்றை விட்டுக்கொடுக்கிறேன். உங்கள் "அகல் விளக்குகள்" அந்த வகையில் தப்பிக்கும். சொல் வரிசை தப்பிக்காது.

முடிவை மாற்றாதீர்கள். மேடையில் கோப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன பையன்களிடம் திருப்பிக் கேட்பது இன்னொரு அநீதி.

ராணிப்பேட்டை தமிழாசிரியை

அக்கா, எனக்கு மேலே உள்ள ஐயாவின் கருத்தோடு பாதிதான் உடன்பாடு.

பெயர் என்பது மாறாத ஒன்று என்று அவர் எடுத்துக்கொள்கிறார். நம் மொழியில் நூல்களின் கதை அப்படி இல்லை. சேக்கிழார் தம் நூலுக்கு வைத்த பெயர் திருத்தொண்டர் புராணம். இன்று ஊரே பெரியபுராணம் என்கிறது. கம்பர் வைத்தது இராமாவதாரம், நாம் சொல்வது கம்பராமாயணம். அகநானூற்றுக்கு நெடுந்தொகை என்று ஒரு பெயர். மலைபடுகடாத்துக்குக் கூத்தராற்றுப்படை என்று ஒரு பெயர். வெற்றிவேற்கைக்கு நறுந்தொகை. ஔவையாரின் மூதுரை "வாக்குண்டாம்" என்று தொடங்குவதால் வாக்குண்டாம் என்றே பெயர் பெற்றது.

இந்தக் கடைசி நூலில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. என் மாணவன் ஒருவன் தாத்தாவிடம் பாடம் கேட்டு வளர்ந்தவன். ஒரு போட்டியில் "வாக்குண்டாம்" என்று சொன்னான். நடுவரின் தாளில் மூதுரை என்று மட்டும் இருந்தது. தவறு என்று சொல்லிவிட்டார். பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான், நான் பார்வையாளர் வரிசையில் எழுந்து நின்றும் பயன் இல்லை, நிகழ்ச்சி அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. வீடு திரும்பும்வரை அவன் பேசவில்லை. மறுநாள் வகுப்பில், "தாத்தா தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டாரா, டீச்சர்?" என்று கேட்டான். நடுவர் சபையில் சொல்லும் "தவறு" ஒரு பிள்ளையின் வீடுவரை போகிறது.

புதிய நூல்களும் விலக்கு இல்லை. ராஜம் ஐயரின் நாவல் 1896இல் நூலாக வந்தபோது "ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்" என்பது முழுப் பெயர். இன்று யார் அப்படிச் சொல்கிறார்கள்? நீங்கள் கேட்ட ஜெயகாந்தன் நாவலேகூடத் தினமணி கதிரில் தொடராக வந்தபோது "காலங்கள் மாறும்" என்றுதான் இருந்தது. ஆசிரியரே மாற்றிக்கொண்ட பெயர் அது. சொல் வரிசை புனிதமானது என்று அதை வைத்துக்கொண்டு வாதிடுவது எனக்குக் கடினமாக இருக்கிறது.

நான் வைக்கும் சோதனை ஒன்றுதான்: சொன்ன விடை வேறொரு நூலைச் சுட்டுகிறதா? கி. ராஜநாராயணனுக்கு 1991இல் விருது பெற்றுத் தந்தது "கோபல்லபுரத்து மக்கள்". ஒரு பிள்ளை "கோபல்ல கிராமம்" என்றால், எவ்வளவு நெருக்கமாகத் தோன்றினாலும், ஏற்கக் கூடாது. அது அவரே எழுதிய வேறு நாவல், விருது அதற்கு வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு இரண்டும் வேறு வேறு என்று தெரியவில்லை என்பதையே விடை காட்டுகிறது. "சில மனிதர்கள் சில நேரங்களில்" என்பது வேறு எந்த நாவலையும் சுட்டவில்லை. அவள் மனத்தில் இருந்த நூல் எது என்பதில் உங்களுக்கோ எனக்கோ சந்தேகம் உண்டா? இல்லை. ஏற்றுக்கொண்டு, சரியான வரிசையை மேடையிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஓரிடத்தில் நானும் தடுமாறுகிறேன். மு.வ.வின் "கள்ளோ காவியமோ" நாவலைப் பிள்ளைகள் "கள்ளா காவியமா" என்கிறார்கள். வேறு நூலைச் சுட்டவில்லை, என் சோதனைப்படி ஏற்க வேண்டும். ஆனால் அந்த ஓகாரம் ஐயப்பொருளில் வருவது. சொல்கிறவர் தமக்குள்ளேயே தடுமாறுகிறார். ஆகாரம் வந்தால் எதிரே நிற்பவரைப் பார்த்துக் கேட்கும் கேள்வியாகிவிடுகிறது. தமிழ்ப் போட்டியில் இந்த வேறுபாட்டைப் பார்க்காவிட்டால் வேறு எங்கே பார்ப்பது? இத்தகைய இடத்துக்குப் பாதி மதிப்பெண் தரலாம் என்பது என் எண்ணம்.

ஆம்பூர் இளவல்

அம்மா, நான் பள்ளியில் படித்தபோது அந்த இரண்டாம் அணிப் பையனின் இடத்தில் இருந்திருக்கிறேன். எதிரணி ஒரு தலைப்பைச் சற்றே மாற்றிச் சொன்னது, நான் திருத்திச் சொல்லிப் பரிசு வாங்கினேன். பரிசாக வந்த தமிழ் அகராதி இன்றும் என் மேசையில் இருக்கிறது. அந்த நூலைப் படித்தவர்கள் எதிரணியில் இருந்தார்கள், நான் படிக்கவில்லை என்பது அன்றே எனக்குத் தெரியும். பத்தொன்பது வயதில்தான் அந்த நூலைத் தேடிப் படித்தேன்.

ஒரு நடைமுறை யோசனை. நூல், கவிதை, நாடகம் எனத் தலைப்பை விடையாகக் கேட்கும் கேள்விகளை வாய்மொழிச் சுற்றில் வைக்காதீர்கள். எழுத்துச் சுற்றாக வையுங்கள். எல்லா அணிகளுக்கும் ஒரே கேள்வி, 20 விநாடி, சீட்டில் எழுதித் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். யாரும் யாருடைய விடையையும் கேட்க முடியாது. எழுதும்போது பிள்ளைகள் சொல் வரிசையைத் தாங்களே சரிபார்த்துக்கொள்வார்கள். வாய் முந்திக்கொள்ளும், கை அவ்வளவு முந்துவதில்லை. நடுவர்களும் சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எல்லோருக்கும் ஒரே அளவுகோலைப் பிடிக்கலாம்.

சத்துவாச்சாரி வினாத்தாள்

ஆசிரியை அம்மாவின் வாக்குண்டாம் செய்தி என்னைத் தைத்தது. அது போட்டியாளர் பிழையே இல்லை, கேள்வி தயாரித்தவரின் சோம்பல். மாற்றுப் பெயர்கள் அத்தனையும் விடைத்தாளில் முன்கூட்டியே இருக்க வேண்டும். அதில் எனக்கு வேறு கருத்து இல்லை.

பாதி மதிப்பெண்ணை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாதி கொடுக்கத் தொடங்கினால் ஒவ்வொரு விடைக்கும் பேரம் நடக்கும். ஏற்பது, மறுப்பது, இரண்டுதான். ஆம்பூர்த் தம்பியின் எழுத்துச் சுற்று நல்ல யோசனை, நான் அடுத்த போட்டியிலேயே செய்து பார்க்கப் போகிறேன்.

குடியாத்தம் வாசகி

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் உங்கள் பதில்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

தமிழாசிரியைத் தங்கையின் சோதனையைப் படித்ததும் என் பழைய மேசை நினைவுக்கு வந்தது. வட ஆர்க்காடு மாவட்டம் 1989இல் பிரிந்தது. அதற்குப் பிறகும் எத்தனையோ ஆண்டுகள் "வட ஆர்க்காடு மாவட்டம்" என்றே முகவரி எழுதி வரும். ஒரு கடிதத்தையும் அதற்காகத் திருப்பியதில்லை. ஆள் பெயர் பின்னால், தெருப் பெயர் முன்னால் என்று வரிசை மாறி வரும், அதையும் சேர்த்துவிடுவோம். ஆனால் வாலாஜாபேட்டைக்குப் போக வேண்டியதில் "வாலாஜாபாத்" என்று எழுதிவிட்டால் கதை வேறு. சில எழுத்து வேறுபாடுதான். கடிதம் காஞ்சிபுரம் பக்கம் போய்விடும், ஏனென்றால் அங்கே அந்தப் பெயரில் உண்மையிலேயே ஓர் ஊர் இருக்கிறது. கோபல்ல கிராமம் வாலாஜாபாத். அந்தப் பெண் சொன்ன விடை வரிசை மாறிய முகவரி. 34 ஆண்டுகள் இதைச் செய்துவிட்டு மேடையில் எனக்கு இது தோன்றவில்லை என்பதுதான் வருத்தமாக இருக்கிறது.

ஆகவே ஐயா மன்னிக்க வேண்டும், அவள் விடையை ஏற்றிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். மறுத்த கேள்வியை அடுத்த அணிக்கு அனுப்பக் கூடாது என்று நீங்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். முடிவை மாற்றக் கூடாது என்பதையும்தான். அந்தப் பையன்களை இதில் இழுக்கப் போவதில்லை.

நேற்று அந்தப் பெண்ணின் ஆசிரியைக்குத் தொலைபேசியில் பேசினேன். "நடுவர் செய்த தவறு அது, உங்கள் மாணவி சொன்னது ஏற்கத் தக்க விடை" என்று சொன்னேன். இதைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் சொல்லலாமா என்று கேட்டார். சொல்லுங்கள், என் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றேன். அவளுக்கு அட்டையும் முன்பக்கங்களும் உள்ள ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். விரைவு அஞ்சலில், நானே கட்டி, நானே முகவரி எழுதி.

அடுத்த ஆண்டு விதித்தாளில் எழுதியிருப்பது இவ்வளவு. தலைப்புக் கேள்விகள் எழுத்துச் சுற்றில் மட்டும். மாற்றுப் பெயர்கள் விடைத்தாளில் முன்பே இருக்கும். உருபு, பன்மை, சொல் வரிசை மாறினாலும் வேறு நூலைச் சுட்டாதவரை ஏற்கப்படும். இரண்டு நடுவர்கள் இருப்பார்கள், இருவரும் ஒத்துக்கொண்டால்தான் மறுப்பு. இவற்றைப் போட்டி தொடங்கும் முன் அணிகளுக்கு வாசித்துக் காட்டுவோம்.

"கள்ளா காவியமா" என்பதற்கு மட்டும் தாளில் இடம் விட்டு வைத்திருக்கிறேன். பாதி மதிப்பெண் எனக்கும் பிடிக்கவில்லை, ஆனால் அந்த ஓகாரத்தைப் பற்றித் தங்கை எழுதியதைத் தள்ளவும் மனம் வரவில்லை. தை பிறப்பதற்குள் விதித்தாளை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். நீங்கள் இருவரும் பேசி ஒன்று சொன்னால் அதையே போட்டுவிடுகிறேன்.